அப்பா குடியை நிறுத்திய பிறகு

அன்புள்ள அக்கா,

எனக்கு 27 வயது. ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பத்தாவது படிக்கும்போதிருந்தே வீட்டுப் பொறுப்பு என்னிடம்தான். வாடகை, கேஸ், தம்பி ஃபீஸ், அப்பாவை டாஸ்மாக் வாசலிலிருந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவது, எல்லாம். அப்பா குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. சந்தோஷப்பட வேண்டும்தானே? எனக்கு முன்னைவிடக் கோபம் வருகிறது. போன வாரம் தம்பியிடம் “ராத்திரில எங்கடா போற” என்று கேட்டார். “அதைக் கேட்க உங்களுக்கு என்ன யோக்யதை இருக்கு” என்று அவன் முன்னாலேயே கேட்டுவிட்டேன். இப்போது ஏடிஎம் கார்டைத் திருப்பிக் கேட்கிறார். கொடுக்கலாமா? டாஸ்மாக்கை மூடினால்தான் விடிவு என்கிறான் தம்பி. சித்தி யாரோ செய்வினை வைத்துவிட்டதாகச் சொல்கிறாள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

சித்தி சொன்னதை விட்டுத்தள்ளுங்கள். தம்பி சொல்வதையும் இன்னொரு நாள் பேசலாம். 2003இல் அரசாங்கமே சில்லறைக் கடை திறப்பதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் மாமா குடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக அவர் வீட்டு ஞாபகமாகவே இருந்தேன், அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

மாமா ராஜபாளையத்தில் மில் தொழிலாளி. அவருடைய மூத்த மகள் எனக்கு மதினி முறை. சம்பள நாளன்று பள்ளிக்கூட யூனிஃபார்மோடு மில் கேட்டில் போய் நிற்பாள். ஷிஃப்ட் முடிந்து வருகிற கூட்டத்தில் அப்பாவைப் பிடித்து, கவரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, நேராகப் பலசரக்குக் கடைக்குப் போய்ப் பாக்கியைத் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். கடன்காரர் வந்தால் அத்தை அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள், பேசி அனுப்புவது மதினிதான்.

அப்புறம் மாமா மதுரையில் வைத்தியம் பார்த்துக் குடியை நிறுத்தினார். சாகும்வரை தொடவில்லை. ஊரே மெச்சியது. ஒருநாள் காலையில் அவராகவே மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு போய்க் காய் வாங்கிவந்தார். லீவுக்குப் போயிருந்த நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மதினி அரிவாள்மனையில் ஒவ்வொரு கத்திரிக்காயாகப் பிளந்தாள். சொத்தையை ஒரு ஓரமாக ஒதுக்கினாள், நல்ல காயையும் அதோடு சேர்த்தே ஒதுக்கினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பியைக் கூப்பிட்டுக் காசு கொடுத்து மறுபடி வாங்கிவரச் சொன்னாள். மாமா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவர் மார்க்கெட் பக்கமே போகவில்லை.

மதினியை நான் குறை சொல்லமாட்டேன். மாமாவுக்கு டாக்டர் இருந்தார், மாத்திரை இருந்தது, “பரவாயில்லப்பா, திருந்திட்டான்” என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள். அவளை உட்காரவைத்து, “நீ போதுமான அளவு சுமந்துட்டம்மா, இனி இறக்கி வை” என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை. இன்றைக்கு அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. புருஷனும் மகனும் குடித்ததே கிடையாது. ஆனாலும் அவர்கள் வெளியே போய்விட்டு வந்தால், கிட்டே போய் வாடை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சோறு போடுகிறாள்.

குடிக்கிறவனுக்கு வைத்தியம் பார்க்க அலைகிற நாம் கூட இருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை, இதைத்தான் நான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், கணவர் குடித்த காலமெல்லாம் தாங்கிக்கொண்டவர். கணவர் குடியை விட்ட பிறகு ஒருநாள் “மீட்டிங்குக்கு நேரமாகிறது, கிளம்பு” என்று சொன்னதும் லோயிஸ் செருப்பைத் தூக்கி அவர்மேல் எறிந்தார். குடியிலிருந்து அவரைக் காப்பாற்றுகிற வேலையை அத்தனை வருடம் செய்தவருக்கு, திடீரென்று அந்த வேலை இல்லை. அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் 1951இல் குடும்பத்தினருக்கென்று தனியாக அல்-அனான் தொடங்கினார். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய குடிநோய் சிகிச்சை மையத்திலும் குடும்பத்துக்குத் தனிச் சிகிச்சை உண்டு.

உங்கள் கோபத்தில் பாதி நியாயமானது. போதையில் கிடக்கிற ஆளிடம் சண்டை போட்டு என்ன பிரயோஜனம் என்று அத்தனை வருடம் தள்ளிப்போட்டது அது. இப்போதுதான் அப்பாவுக்குக் காது கேட்கிறது, அதனால் வெளியே வருகிறது. வரட்டும், ஆனால் அவரைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். பத்தாவது படிக்கும்போது என்ன இழந்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள், அவர் அழுதாலும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

மீதிப் பாதி, பதவி கைவிட்டுப் போகிற பயம். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். தம்பி முன்னால் யோக்யதை பற்றிக் கேட்டீர்களே, அது சுத்தமாகத் தப்பு. குடியை விட்ட ஒரு மனுஷன் வீட்டுக்கு எதற்குத் தேவை என்று தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில், ராத்திரி எங்கே போகிறாய் என்று மகனைக் கேட்டதற்கு அப்படியா வாயடைப்பது? அந்தப் பையன் இனி யார் பேச்சைக் கேட்பான்? உங்கள் பேச்சையா? அதையும் கேட்கமாட்டான், பாருங்கள்.

அப்பாவுக்கு எட்டு மாதம் ஆகிறது, நீங்கள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அல்-அனான் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரித்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். “அப்பாதான் நிறுத்திட்டாரே, எதுக்கு” என்பாள், விடாதீர்கள்.

கார்டா? சம்பளம் அவருடையது என்றால் கார்டும் அவருடையதுதான். வாடகைக்கும் ஃபீசுக்கும் வேண்டியதைச் சம்பளம் ஏறிய அன்றே அம்மா கணக்குக்குப் போட்டுவிடச் சொல்லுங்கள். மிச்சத்துக்குக் கணக்குக் கேட்காதீர்கள். மறுபடி குடித்துவிட்டால்? குடிக்கலாம், நிறையப் பேருக்கு நடக்கிறது. நடந்தால் மறுபடி வைத்தியத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் கார்டு கொடுத்ததால் அவர் குடித்ததாக ஆகாது. ஒன்று, அதை நீங்கள் கொடுக்காதீர்கள். அம்மாவிடம் கொடுங்கள், அவள் கொடுக்கட்டும்.