காரின் பின்பக்கத்துக்கு எந்த டேஷ்கேம்?

பின்னால் இடித்துவிட்டு ஓடுகிற வண்டியின் நம்பர் பதிவாக வேண்டும், எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பகலில் 1080பி (ஃபுல் ஹெச்டி) தெளிவு போதும். சிக்கல் இரவில்தான். பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் வெளுத்துப்போய்விடும். அதனால் பெட்டியில் 4கே (அதைவிடக் கூடுதல் தெளிவு) என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காமல், சோனி ஸ்டார்விஸ் மாதிரி குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கிற நல்ல சென்சாரும், அதிக வெளிச்சத்தையும் இருட்டையும் சமன்செய்கிற ஹெச்டிஆர் வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் கேமராவின் லித்தியம் பேட்டரி உப்பிவிடலாம். அதற்குப் பதிலாகக் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சிறிது நேரம் சேமித்து வைக்கும் பாகம்) உள்ள கேமராவே நல்லது.

கேமராவைப் பின்கண்ணாடியில் டீஃபாகர் (பனிமூட்டத்தைப் போக்கும் சூடேற்றுக் கம்பி) கோடுகளுக்கு நடுவே, வைப்பர் இருந்தால் அது துடைக்கிற இடத்தில் ஒட்டுங்கள். நான் அவசரத்தில் கோட்டின் மேலேயே ஒட்டி, வீடியோ முழுக்கக் குறுக்கே ஒரு பழுப்புக் கீற்று. அப்புறம், மெமரி கார்டு, திரும்பத் திரும்பப் பதிவதைத் தாங்குகிற 'ஹை எண்டியூரன்ஸ்' வகையாக இருக்கட்டும். சாதாரண கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும்.