பெண்கள் பேசிய பழைய ரேடியோ டேப்புகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஒலிநாடாக்களைப் பழுதுபார்த்து டிஜிட்டலாக்கும் வேலையில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். 1963 முதல் 1982 வரை அமெரிக்கப் பெண்கள் வானொலியில் பேசியதையும் பாடியதையும் பசிஃபிகா ரேடியோவின் ஆவணக்காப்பகம் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று போன வாரம் சொல்லியிருந்தேன். அதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

பசிஃபிகா என்பது அரசு ரேடியோவா, தனியாரா? பெண்களுக்கு அவ்வளவு நேரம் எப்படிக் கொடுத்தார்கள்?

அரசும் இல்லை, வியாபாரமும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த லூயிஸ் ஹில் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து 1946-ல் தொடங்கிய அறக்கட்டளை அது. முதல் நிலையமான கே.பி.எஃப்.ஏ. 1949 ஏப்ரல் 15 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒலிபரப்பைத் தொடங்கியது. விளம்பரம் கிடையாது, நேயர்கள் கட்டும் சந்தாவில்தான் ஓடியது. அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், ஹூஸ்டன், வாஷிங்டன் என்று ஐந்து நிலையங்கள் ஆயின.

விளம்பரதாரர் இல்லாததுதான் பெரிய விஷயம். வேறு ரேடியோக்களில் பெண்களுக்கான நேரம் என்றால் சமையலும் அழகுக் குறிப்பும்தான் அதிகம். இங்கே ஒரு பெண் தன் சம்பளத்தைப் பற்றியோ, பிரசவத்தைப் பற்றியோ, போலீஸ் அடித்ததைப் பற்றியோ ஒரு மணி நேரம் பேசினாலும் நடுவில் நிறுத்த யாரும் இல்லை. அந்தச் சுதந்திரத்துக்கு விலையும் கொடுத்தார்கள். ஹூஸ்டன் நிலையம் 1970-ல் தொடங்கியது. அதே வருஷத்தில் அதன் டிரான்ஸ்மிட்டருக்கு இரண்டு முறை குண்டு வைத்தார்கள். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் செய்த வேலை அது. அதன் பிறகும் நிலையம் மூடவில்லை.

அது ஏன் 1963, ஏன் 1982?

அமெரிக்காவில் சம வேலைக்குச் சம ஊதியச் சட்டம் வந்தது 1963-ல். பெட்டி ஃப்ரீடன் என்ற பெண்ணுரிமை எழுத்தாளரின் 'தி ஃபெமினின் மிஸ்டிக்' புத்தகம் வெளிவந்து வீட்டுப் பெண்களிடையே பேச்சைக் கிளப்பியதும் அதே வருஷம். ஆண் பெண் சம உரிமைக்கான அரசியல் சட்டத் திருத்தம், 38 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டிய இடத்தில் 35 மட்டுமே கிடைத்துக் கெடு தாண்டிப்போனது 1982 ஜூன் 30-ல். இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத்தான் இந்த டேப்புகளில் கேட்கிறோம். மொத்தம் 2,000-க்கும் மேற்பட்ட ஸ்பூல்கள் (ஒலிநாடா சுற்றிய சக்கரங்கள்).

அக்கா, எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

ஒன்று என்றால், இந்த இருபது வருஷக் கணக்குக்கு முந்தைய ஒன்றைச் சொல்கிறேன். ரோசா பார்க்ஸ் 1956 ஏப்ரலில் பசிஃபிகாவுக்குக் கொடுத்த பேட்டி.

அவரை எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் மாண்ட்காமரி நகரத்தில் பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்துக் கைதான கறுப்பினப் பெண். அது 1955 டிசம்பர் 1. அதற்குப் பிறகு நடந்த பஸ் புறக்கணிப்பு 381 நாள் நீடித்து 1956 டிசம்பரில்தான் ஜெயித்தது. அப்படியென்றால் இந்தப் பேட்டி எடுக்கும்போது போராட்டம் பாதி வழியில் இருக்கிறது. ஜெயிப்போமா, வீட்டுக்குக் குண்டு வருமா என்று அவருக்குத் தெரியாது. பின்னாளில் அவர் எத்தனையோ மேடைகளில் இதே கதையைச் சொன்னார். அங்கெல்லாம் முடிவு தெரிந்த குரல். இங்கே முடிவு தெரியாத குரல். சத்தம் போடாமல், ஒரு வார்த்தையை வைத்துவிட்டு அடுத்த வார்த்தையை எடுக்கிறார். தையல் தெரிந்தவர் ஊசி குத்தி இழுக்கிற நிதானம். (கைதான சமயத்தில் அவர் ஒரு கடையில் தையல் வேலைதான் செய்துகொண்டிருந்தார்.) களைப்பில் எழுந்திருக்காமல் இருந்துவிட்டார் என்று நம் பள்ளிக்கூடங்களில் கதை சொல்கிறார்களே, அதை ஒரு தடவை மறந்துவிட்டுக் கேளுங்கள். களைத்துப்போன ஒருவரின் குரலா அது என்று நீங்களே சொல்வீர்கள்.

ஆராய்ச்சி மாணவி நான். எழுத்து வடிவம் கிடைத்தால் போதும், ஒலிக்கு இவ்வளவு செலவு தேவையா என்று என் வழிகாட்டி கேட்கிறார். என்ன சொல்வது, மேடம்?

இந்தக் கேள்வி என்னை எப்போதும் சீண்டும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஃபேனி லூ ஹேமர் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பினப் பெண், இருபது பிள்ளைகளில் கடைசி. ஓட்டுரிமைக்குப் பதிவு செய்யப் போனதற்காக வேலையும் வீடும் போயின. அப்புறம் காவலில் வைத்து அடித்தார்கள். 1964 ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சியின் குழு முன்னால் அவர் சாட்சி சொன்னார். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர் சந்திப்பு ஒன்றைக் கூட்டினார், டி.வி. கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பின. ஆனால் இரவுச் செய்தியில் அதே சாட்சியத்தை நாடே கேட்டது. அது எட்டு நிமிடப் பேச்சு. எழுத்தில் படித்தால் ஒரு வழக்கறிஞரின் மனுப்போல, ஊர் பெயர், தேதி, அடித்தவர் விவரம் என்று வரிசையாக வரும். கேட்டால்தான் அந்த விவரங்களுக்கு நடுவே அவர் மூச்சு வாங்குவது தெரியும். ஜான்சன் பயந்தது இந்த விவரங்களுக்கு இல்லை, அவை ஏற்கெனவே காகிதத்தில் இருந்தன. அந்தக் குரலுக்குத்தான் பயந்தார் என்பது என் எண்ணம்.

எழுத்து மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1942 ஆகஸ்ட் போராட்டத்தின்போது பம்பாயில் 22 வயது உஷா மேத்தா தோழர்களோடு ரகசியமாகக் காங்கிரஸ் ரேடியோ நடத்தினார். 42.34 மீட்டரில், போலீஸ் கண்டுபிடிக்காதபடி இடம் மாற்றி மாற்றி ஒலிபரப்பினார்கள். நவம்பர் 12 அன்று பிடிபட்டார்கள். அந்த ஒலிபரப்புகளில் இன்று நாம் படிக்கக் கிடைப்பது, வழக்குக்காகப் போலீஸ்காரர்கள் ஒட்டுக்கேட்டு எழுதிவைத்த குறிப்புகள். அவற்றுக்காக நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் போலீஸ் எழுதிய பக்கத்தில் அந்தப் பெண்ணின் தொண்டை நடுங்கியதா, சிரித்தாரா என்பது இருக்காது. உங்கள் வழிகாட்டிக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் சங்கத்தில் பழைய ஸ்பூல்கள் பத்துப் பதினைந்து இருக்கின்றன. ஓட்டினால் கீச் கீச் என்று சத்தம், மெஷினில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டுகிறது. ஓவன் அடுப்பில் சூடாக்கினால் சரியாகும் என்கிறார்களே?

முதலில் ஓட்டுவதை நிறுத்துங்கள். அந்தப் பழுப்புத்தான் உங்கள் ஒலி. காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிட்டது. எழுபதுகள், எண்பதுகளில் வந்த சில டேப்புகளுக்கு இந்த வியாதி அதிகம். 54 டிகிரி சூட்டில் எட்டு மணி நேரம்போல வைத்து எடுத்தால் பசை சில வாரங்களுக்கு இறுகும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். ஆனால் வீட்டு ஓவனில் வேண்டவே வேண்டாம். அதில் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

எல்லா டேப்புக்கும் இந்த வைத்தியம் ஆகாது. ஸ்பூலை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அது அசிடேட், பழைய ரகம். அதைச் சூடாக்கினால் சுருண்டு பாழாகிவிடும். டப்பாவைத் திறந்ததும் ஊறுகாய்க் கடை மாதிரி வினிகர் நெடி அடித்தாலும் அதே ரகம்தான். அப்படிப்பட்டதைத் தனியாக எடுத்து வையுங்கள், மற்றவற்றுக்கும் பரவும். வெளிச்சம் புகாமல் கறுப்பாக இருந்தால் பாலியெஸ்டர்.

டிஜிட்டலாக்க எம்.பி.3 போதுமா?

கேட்க, வாட்ஸப்பில் அனுப்பப் போதும். பாதுகாக்கப் போதாது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் வேவ் (WAV) கோப்பாக எடுங்கள். மோனோ (ஒற்றைத் தட ஒலி) ஒரு மணி நேரம் ஏறக்குறைய ஒரு ஜி.பி. வரும். இரண்டு ஊரில் இரண்டு பிரதி.

அந்தரங்கமான விஷயங்களைப் பேசிய பெண்களின் பதிவை இன்று இணையத்தில் போடுவது சரியா?

நல்ல கேள்வி, எனக்கும் இதில் முழு நிம்மதி இல்லை. 1969 பிப்ரவரியில் நியூயார்க்கில் கருக்கலைப்புச் சட்டம் பற்றி ஒரு விசாரணை நடந்தது. நிபுணர்களாக அழைத்தது பதினான்கு ஆண்களையும் ஒரு கன்னியாஸ்திரீயையும். கொதித்துப்போன ரெட்ஸ்டாக்கிங்ஸ் என்ற பெண்ணுரிமைக் குழுப் பெண்கள் மார்ச் 21 அன்று ஒரு சர்ச்சில் தாங்களே கூட்டம் போட்டார்கள். பன்னிரண்டு பெண்கள் எழுந்து தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். கருக்கலைப்பு அப்போது சட்டவிரோதம். அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. அவர்கள் ஊரறியச் சொல்லவேண்டும் என்றே வந்தவர்கள், அதைக் கேட்பதில் தவறில்லை.

ஆனால் நள்ளிரவில் நிலையத்துக்குப் போன் செய்து, பெயரைச் சொல்லி அழுத ஒரு நேயர்? அன்று அது காற்றோடு போகும் என்று நினைத்துத்தான் பேசினார். அவர் பெயரை இன்று கூகுளில் தட்டினால் வரும்படி வைப்பது வேறு. அப்படிப்பட்டதை நூலகத்துக்கு நேரில் வந்து கேட்பவருக்கு மட்டும் தருவேன்.

நம் பக்கம் இப்படி யாராவது செய்திருக்கிறார்களா?

மும்பையில் ஸ்பாரோ இருக்கிறது, பெண்களின் ஒலி, படப் பதிவுகளுக்கான காப்பகம். 1988-ல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் சி.எஸ். லக்ஷ்மி, நம் எழுத்தாளர் அம்பைதான். அது ரேடியோ சேகரம் இல்லை, பெண்களிடம் நேரில் உட்கார்ந்து பேசிப் பதிந்தது. ஆனால் நோக்கம் ஒன்றுதான்.

நூலக அறிவியல் படிக்கிறேன். டேப்பை மீட்டபின் பெரிய வேலை எது, சார்?

சார் இல்லை, அக்கா. பெரிய வேலை பெயர் எழுதுவது.

நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் ஒரு டப்பா வந்தது. மேலே எழுதியிருந்தது இவ்வளவுதான்: பெண்கள் நிகழ்ச்சி, 3 பேர், 28 நிமிடம். பேட்டி எடுத்த ஆணின் பெயர் மட்டும் முழுசாக, இனிஷியலோடு இருந்தது. ஓட்டினால் மில் வேலைக்குப் போன மூன்று பெண்கள் ஷிஃப்ட் நேரத்தில் குழந்தையை எங்கே விட்டார்கள் என்று பேசுகிறார்கள். பத்தொன்பதாவது நிமிடத்தில் ஒருத்தி மற்றவளைப் பெயர் சொல்லி, "நீ சொல்லேன்" என்கிறாள். அந்த ஒரு கூப்பிடலை வைத்து, தெரு தெருவாக விசாரித்து, மூன்று பேர் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. அதே அலமாரியில் இருந்த வேறு சில டேப்புகளை, முக்கியமில்லை என்று அழித்து மேலே வேறு எதையோ பதிந்திருந்தார்கள். டப்பாவில் பெயர் இருந்திருந்தால் கை நடுங்கியிருக்கும்.

அமெரிக்காவிலும் அந்தக் காலத்து வழக்கப்படி கணவர் பெயருக்கு முன்னால் மிஸஸ் போட்டு முடித்த பெண்கள் ஏராளம். அப்படி எழுதிவைத்தால், அவளைத் தேடி வருகிறவருக்குக் கணவர்தான் கிடைப்பார். பட்டியல் போடும்போது பேசியவளின் சொந்தப் பெயர், ஊர், தொழில், எந்த நிமிடத்தில் என்ன பேச்சு என்று எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் பட்டியலில் இல்லாத குரலை யாரும் தேடி வரமாட்டார்கள், தம்பி.

எங்கள் அப்பாயி 1985 வாக்கில் பாடிய நடவுப் பாட்டை மாமா கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். இப்போதுதான் பரணில் கிடைத்தது. உடனே போட்டுக் கேட்கலாமா?

பொறுங்கள். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும், முதலில் அவற்றை உடைத்துவிடுங்கள், தவறி மேலே பதிவு ஆகாது. டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் ஓட்டாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். நடுவில் இருக்கும் குட்டிப் பஞ்சு விழுந்திருந்தால் வேறு கேசட்டிலிருந்து எடுத்து வைக்கலாம். பென்சிலை விட்டுச் சுற்றி, தளர்வை எடுத்துவிட்டு, ஒலி படிக்கும் தலையை (ஹெட்) துடைத்த நல்ல பிளேயரில் ஒரே தடவையில் பிரதி எடுங்கள்.

அதற்கும் முன்னால், இன்றைக்கே, மாமா இருக்கும்போதே உட்கார்ந்து அட்டையில் எழுதுங்கள். அப்பாயியின் பெயர், எந்த ஊர் வயல், கூடப் பாடியவர்கள் யார் யார். பாட்டுக்கு நடுவில் அப்பாயி இருமுவதோ, யாரையோ தண்ணி கொண்டுவரச் சொல்வதோ இருந்தால் அதை வெட்டாதீர்கள்.