கேள்வி – பதில்: கால் கிராம் எதிர்ப்பொருள்

கே: போன இதழில் டான் பிரவுனின் 'ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்' நாவலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். விஞ்ஞானம், மதம் இரண்டையும் சேர்த்து அரைத்து இரண்டையும் கெடுத்த புத்தகம் அது. இயற்பியல் வாத்தியார் நீங்களே அதைப் பாராட்டலாமா? (வாசகர், கும்பகோணம்)

ப: கீழே வைக்க முடியவில்லை என்றுதான் எழுதினேன். பாராட்டு வேறு, அது வேறு. உங்களைப் போலவே இன்னும் சிலர் கோபித்திருக்கிறார்கள். ஒரு சாரார் "விஞ்ஞானத்தைக் கொச்சைப்படுத்திவிட்டான்" என்கிறார்கள், இன்னொரு சாரார் "திருச்சபையைக் கேவலப்படுத்திவிட்டான்" என்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் மனக்குறை ஒன்றுதான்: ஆசிரியர் தங்களுக்காக வக்காலத்து வாங்கவில்லை. அவர் ஏன் வாங்கவேண்டும்? அவருக்கு அடுத்த அத்தியாயத்தை நாம் புரட்டினால் போதும்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாவல் 2000-இல் வந்தது. ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வகத்தில் ஒரு பாதிரியார், இயற்பியலாளரும்கூட. கடவுளின் படைப்பு சாத்தியம்தான் என்று காட்ட ஆன்ட்டிமேட்டர் என்கிற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறார். சாதாரணப் பொருளைத் தொட்டால் இரண்டும் அழிந்து ஆற்றலாகிவிடும், அதுதான் எதிர்ப்பொருள். அவரைக் கொன்று, கால் கிராமைத் திருடி, புதிய போப்பைத் தேர்ந்தெடுக்கக் கார்டினல்கள் கூடியிருக்கும் வாட்டிகனில் ஒளித்துவைக்கிறார்கள். அது குப்பியின் சுவரைத் தொடாமல் பிடித்துவைத்திருக்கும் பாட்டரி 24 மணி நேரம் தாங்கும். தீர்ந்தால் வெடிக்கும்.

என் மனைவி தினம் பிள்ளையாரைப் பார்க்காமல் காப்பி குடிக்கமாட்டாள். மதம் புண்பட்டதாக அவளுக்குத் தோன்றவேயில்லை. "இவ்வளவு படிச்ச மனுஷன் இன்னும் நாலு நாள் தாங்கற பாட்டரியா பார்த்துப் போட்டிருக்கக் கூடாதா?" என்பதோடு அவள் விமர்சனம் முடிந்தது. எனக்கு வந்த கடிதங்கள் எதிலும் இவ்வளவு உருப்படியான கேள்வி இல்லை.

கே: கால் கிராம் ஒரு நகரத்தையே அழிக்குமா? சும்மா கதைதானே? (வாசகி, ஈரோடு)

ப: கணக்கு சரி. கால் கிராம் எதிர்ப்பொருள், கால் கிராம் சாதாரணப் பொருளோடு சேர்ந்து அழியும். ஆக அரை கிராம். ஐன்ஸ்டைன் சூத்திரத்தில் போட்டால் சுமார் 10 கிலோ டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமமாக வரும். ஹிரோஷிமாவில் விழுந்தது ஏறக்குறைய 15 கிலோ டன்.

ஆனால் அந்தக் கால் கிராமுக்கு எங்கே போவது? உலகத்து ஆய்வகங்கள் இதுவரை தயாரித்ததையெல்லாம் கூட்டினாலும் ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு தேறாது. அதில் மிகப்பெரும்பகுதி அப்போதே அழிந்தும் போயிற்று. இதைக்கூட மன்னித்துவிடலாம், நாவல்தானே. எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். கதை தொடங்குமுன் 'உண்மை' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் போட்டு, எதிர்ப்பொருளின் முதல் துகள்களைச் செர்ன் சமீபத்தில்தான் உருவாக்கியது என்கிறார். எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானை இயற்பியலாளர் கார்ல் ஆண்டர்சன் 1932-இலேயே கண்டுவிட்டார். புரோட்டானின் எதிர்த்துகளான ஆன்ட்டிபுரோட்டான் 1955-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் பிறந்தது. செர்ன் 1995-இல் செய்தது எதிர் ஹைட்ரஜனின் முழு அணுக்கள், அதுவும் ஒன்பதே ஒன்பது. கதைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகட்டும், 'உண்மை' என்று பலகை மாட்டிவிட்டுப் புளுகக் கூடாது.

இன்னொன்று: நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் எடுக்கிற பெட் ஸ்கேன் பாசிட்ரானை வைத்துத்தான் நடக்கிறது. ஊசி போட்டுக்கொண்டு படுத்திருப்பவர் உடம்புக்குள் எதிர்ப்பொருள் அழிந்துகொண்டிருக்கும். யாரும் வெடிப்பதில்லை.

கே: பாதிரியார் ஒருவர் பெரிய விஞ்ஞானியாக இருப்பது நம்பும்படியாகவா இருக்கிறது? (வாசகர், நாகர்கோவில்)

ப: அந்த நாவலிலேயே நம்பும்படியானது அதுதான். பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமேத்ர் முதல் உலகப்போரில் பீரங்கிப்படையில் இருந்தவர், 1923-இல் பாதிரியாரானார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதினார், ஐன்ஸ்டைனே அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து கிளம்பியிருக்கலாம் என்று 1931-இல் சொன்னார். பெருவெடிப்புக் கொள்கையின் வேர் அது.

வேடிக்கை இனிமேல்தான். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், இந்த அறிவியல் படைப்புக்குச் சாட்சி சொல்கிறது என்கிற தொனியில் பேசினார். லெமேத்ர் பூரித்துப் போயிருக்க வேண்டாமா? அவருக்குச் சங்கடமாகிவிட்டது. தன் கொள்கை வெறும் இயற்பியல். நம்புகிறவனும் நம்பாதவனும் அவரவர் இடத்திலேயே இருக்கலாம் என்பது அவர் கட்சி. வாட்டிகன் வானாய்வகத் தலைவரோடு சேர்ந்து போப்புக்கு எடுத்துச் சொன்னார் என்பார்கள். மறுவருடம் வானியலாளர்கள் முன்னிலையில் பேசியபோது போப் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாவலின் பாதிரியாரோ ஆய்வகத்திலேயே கடவுளை நிரூபித்துவிடத் துடிக்கிறார். நிஜப் பாதிரியார் அவருக்கு நேரெதிர். எழுதுவதற்கு எவ்வளவு நல்ல பாத்திரம்! பிரவுன் கோட்டைவிட்டுவிட்டார்.

கே: தமிழில் இப்படி உண்டா? (வாசகர், சேலம்)

ப: சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. பேயா, தொழில்நுட்பமா என்று கணேஷும் வசந்தும் முட்டிக்கொள்வார்கள். முடிவைச் சொன்னால் நீங்கள் என்னிடம் சண்டைக்கு வருவீர்கள்.

கே: பிளஸ் டூ படிக்கும் பையனுக்குப் பிரவுனைக் கொடுக்கலாமா? (தாய், மதுரை)

ப: பொதுத்தேர்வு முடியட்டும், கையில் எடுத்தால் வைக்கமாட்டான். நெஞ்சில் சூடு போட்டுக் கொல்கிற காட்சிகள் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த 'உண்மை' பக்கத்தை மட்டும் கிளிப் போட்டு மூடிவிட்டுக் கொடுக்கலாம்.