காட்டுத்தீயில் வீடிழந்தவர்களுக்குத் தொலைவில் இருந்து எப்படி உதவலாம்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கும் நண்பரின் ஊர் காட்டுத்தீயில் எரிந்துவிட்டது. நாங்கள் சிலர் சேர்ந்து துணிமணி, பாத்திரம் எல்லாம் சேகரித்து அனுப்பலாம் என்று இருக்கிறோம். இது சரியா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

துணி வேண்டாம். பணமாகக் கொடுங்கள். அதிலும் பாதியை இப்போது, மீதியை நான்கைந்து மாதம் கழித்து. உங்களால் நேரம் ஒதுக்க முடியும் என்றால் அதையும் பின்னாளுக்கு எடுத்து வையுங்கள். இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம் வட கலிஃபோர்னியாவில் இருக்கும் பாரடைஸ் என்ற ஊர். 2018-இல் அது எரிந்தபோது நான் சாக்ரமெண்டோவில் இருந்தேன். அங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் சிக்கோ நகரத்துக்குத் தன்னார்வலராகப் போய் வந்துகொண்டிருந்தேன்.

நவம்பர் 8 காலை ஆறரை மணி வாக்கில் மலைப் பள்ளத்தாக்கில் மின்கம்பியைத் தாங்கியிருந்த பழைய கொக்கி ஒன்று தேய்ந்து அறுந்ததில் தீ பிடித்தது. மழையே இல்லாமல் காய்ந்து கிடந்த காடு, மேலிருந்து இறங்கும் வறண்ட காற்று. நெருப்புத் துணுக்குகள் முன்னால் பறந்து விழுந்து புதுப் புது இடங்களில் பற்றின. எட்டு மணிக்கெல்லாம் ஊருக்குள் தீ. வெளியேறும் சாலைகள் சிலவே, அவற்றில் முக்கியமான ஸ்கைவேயில் மக்கள் கார்களோடு மாட்டிக்கொண்டார்கள். 85 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் சாம்பலாயின. அந்த மின்கம்பிக்குச் சொந்தக்கார நிறுவனமான பிஜி அண்ட் ஈ 2020-இல் நீதிமன்றத்தில் 84 மரணங்களுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

பாரடைஸ் பணக்கார ஊர் இல்லை. ஓய்வுபெற்றவர்கள், குறைந்த விலைக்கு வீடு கிடைக்கிறதே என்று வந்தவர்கள், மொபைல் ஹோம் எனப்படும் தயார்நிலை வீடுகளின் குடியிருப்புகளில் தனியாக இருந்த பாட்டிமார்கள். தீக்கு முன் 26,000 பேருக்கு மேல் இருந்த ஊர், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5,000-ஐக்கூடத் தொடவில்லை.

தப்பியவர்கள் சிக்கோவுக்கு வந்தார்கள். வால்மார்ட் கடை வாகன நிறுத்தத்திலும் அதை ஒட்டிய திடலிலும் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். முதல் வாரத்திலேயே துணி வந்து குவிந்துவிட்டது. பிரிக்க ஆள் இல்லை, வைக்க இடம் இல்லை. அப்புறம் நவம்பர் மூன்றாம் வாரம் மழை வந்தது. எல்லோரும் வேண்டிக்கொண்டிருந்த மழைதான், ஆனால் குவியல் குவியலாகத் துணி நனைந்து வீணாயிற்று. அனுப்பியவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் துணியைத் தூக்கி, பிரித்து, அப்புறப்படுத்தப் போன கைகள் வேறு வேலைக்குத் தேவைப்பட்ட கைகள்.

கையில் காசு இருந்தால் ஒருவர் தன் அளவுக்குச் செருப்பு வாங்குவார், இன்னொருவர் பெட்ரோல் போடுவார், இன்னொருவர் தங்கை வீட்டுக்குப் பஸ் டிக்கெட் எடுப்பார். எது அவசரம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். தைவானைச் சேர்ந்த த்சு சி என்ற பௌத்த அமைப்பு சிக்கோவில் பணம் ஏற்றிய அட்டைகளைக் குடும்பங்களுக்கு நேரடியாகக் கொடுத்தது. வாங்கிக்கொண்டவர்கள் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் வேறு எந்த வரிசையிலும் பார்க்கவில்லை. உள்ளூர் நிதியங்களையும் மறக்காதீர்கள். சிக்கோவின் நார்த் வேலி கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் நன்கொடைகளைச் சேர்த்து, அந்த வட்டாரத்துக் குழுக்களுக்கே பிரித்துக் கொடுத்தது. அந்த ஊரில் யார் உண்மையில் வேலை செய்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஊடகங்கள் கிளம்பிப் போன பிறகும் அவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள்.

தனிநபர்களுக்காக இணையத்தில் நிதி திரட்டுவது பற்றி ஒரு வார்த்தை. நண்பருக்காகச் செய்யுங்கள், தவறில்லை. ஆனால் 2021 கடைசியில் கொலராடோவில் மார்ஷல் தீ ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்த பிறகு ஆராய்ந்து பார்த்ததில், இப்படித் திரட்டிய பணம் வசதியான குடும்பங்களுக்கே அதிகம் போயிருந்தது. வசதியான நண்பர்கள் உள்ளவருக்கு வசதியாகக் கிடைக்கிறது. அதனால் நண்பருக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை அவர் ஊர் நிதியத்துக்கும் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது காகித வேலை. நான் அதிக நேரம் செலவிட்டது இதில்தான், மிகவும் மனம் கனத்ததும் இதில்தான். இன்சூரன்ஸ் வைத்திருந்தவர்கள் வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளையும் பட்டியல் போட வேண்டும்: என்ன பொருள், எப்போது வாங்கியது, என்ன விலை. வீடே போனவரை உட்கார வைத்து, கரண்டி எத்தனை என்று கேட்பது. ஒரு அம்மா எழுபதைத் தாண்டியவர், இரண்டு வரி எழுதுவார், பேனாவை வைத்துவிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "சமையலறைக்குள் வந்தாச்சு, இடது பக்க அலமாரியைத் திறங்கள், மேல் தட்டில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். அப்படிக் கேட்டால் நினைவு வருகிறது. தையல் மிஷின், பேரன் கொடுத்த வானொலி, கிறிஸ்துமஸ் விளக்குகள் எல்லாம் வந்தன.

இந்த வேலையில் தொலைவில் இருப்பவரும் கை கொடுக்கலாம். நண்பர் வீட்டுக்கு நீங்கள் எப்போதாவது போயிருந்தால், அங்கே எடுத்த படங்களை உங்கள் போனில் தேடுங்கள். பிறந்தநாள் படத்தின் பின்னணியில் தெரியும் சோஃபாவும் டிவியும் புத்தக அலமாரியும்தான் அவருக்கு இப்போது சான்று. எல்லாவற்றையும் தேதியோடு அனுப்பி வையுங்கள். வீடியோ அழைப்பில் உட்கார்ந்து பட்டியலையும் நீங்களே தட்டச்சு செய்து கொடுக்கலாம்.

பேரிடர் உதவி தரும் ஃபீமா என்ற அமெரிக்க மத்திய அரசு நிறுவனத்திடம் விண்ணப்பித்தால் பலருக்கு முதலில் மறுப்புக் கடிதம் வருகிறது. படித்ததும் நொந்துபோய் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். பல நேரம் அதன் பொருள் ஒரு கையெழுத்து இல்லை, அடையாளச் சான்று இல்லை, அல்லது இன்சூரன்ஸ் முடிவு தெரிந்த பிறகு வா என்பதுதான். மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. நண்பரிடம் இதைச் சொல்லுங்கள், அந்தத் தேதியை நீங்களும் குறித்து வையுங்கள், அவருக்கு நினைவூட்டுங்கள்.

வாடகைக்கு இருந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். வீட்டு உரிமையாளருக்கு இன்சூரன்ஸ் வரும், இவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது. சிக்கோவில் ஏற்கெனவே காலி வீடு அரிது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாரத்தில் வீடு தேடினால் என்ன ஆகும்? அவசரநிலை அறிவித்த பிறகு வாடகையைப் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. அதை மீறுபவர்களும் இருக்கிறார்கள். வாடகை விளம்பரத்தைப் படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள், புகார் கொடுக்க உதவும்.

வீடு தப்பியிருந்தாலும் உடனே குடிபோக அவசரப்பட வேண்டாம். பாரடைஸில் தீயின்போது குழாய்களில் அழுத்தம் இறங்கி, புகையும் உருகிய பிளாஸ்டிக்கின் நச்சும் உள்ளே போய், தண்ணீரில் பென்சீன் கலந்தது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது, கொதிக்க வைத்தால் சரியாகும் விஷயமும் இல்லை. வீடு நின்றவர்களும் மாதக்கணக்கில் பாட்டில் தண்ணீரில்தான் குடும்பம் நடத்தினார்கள். சாம்பலிலும் ஆஸ்பெஸ்டாஸும் உலோகங்களும் இருக்கும். கிளறப் போனால் என்95 முகக்கவசமும் உடல் முழுக்க மூடும் உடுப்பும் கட்டாயம்.

சாம்பல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். இறந்த கணவர், தாய் ஆகியோரின் அஸ்தியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்கள் அங்கே நிறைய. வீடு எரிந்த சாம்பலுக்குள் அந்தச் சாம்பலை எங்கே தேடுவது? இதற்கென்று பழக்கிய நாய்களோடு தொல்லியலாளர்கள் தன்னார்வமாக வந்து கண்டுபிடித்துக் கொடுத்தார்கள், அதுவும் இலவசமாக. ஆனால் அரசு இடிபாட்டை அள்ளுவதற்கு முன் கேட்டால்தான் உண்டு. உங்கள் நண்பர் குடும்பத்துக்கோ அவர் அக்கம்பக்கத்தாருக்கோ இப்படி ஒரு தவிப்பு இருந்தால், அள்ளும் தேதிக்கு முன்னால் சொல்லச் சொல்லுங்கள்.

மூன்றாம் மாதத்திலிருந்துதான் தனிமை கூடுகிறது. அதுவரை விசாரித்தவர்கள் எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். பாரடைஸ் மக்களுக்கு மின் நிறுவனத்திடமிருந்து வர வேண்டிய இழப்பீடு வருடக்கணக்கில் இழுத்தது, அப்போதும் முழுத்தொகை வரவில்லை. அதனால் உங்கள் குழுவில் மாதம் ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். "ஏதாவது வேண்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் வரும். "இந்த மாதம் செல்போன் கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம், எண்ணை அனுப்பு" என்று கேளுங்கள்.

ஏற்கெனவே துணி சேர்த்துவிட்டீர்கள் என்றால் உங்கள் ஊரிலேயே விற்றுப் பணமாக்கி அனுப்பலாம். நண்பரின் ஊர் எந்தக் கவுண்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி) வருகிறது என்று எழுதுங்கள், அங்கே இப்படி உள்ளூர் நிதியம் எது என்று தேடிச் சொல்கிறேன்.