எங்கள் ஊர்ப் பக்கம் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் நடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போனால் வெளியே தெரிந்துவிடுமா?

தினமும் குடிக்கிறேன், சின்ன ஊர், தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரன்தான். கடைசியாகக் குடித்து ஏழு வருடம் ஆகிறது. இதே பயத்தில் ஒரு வருடத்தைத் தொலைத்தவன் என்பதால் எழுதுகிறேன்.

ஏஏ என்பது குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பு. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு விஷயம். தினமும் குடிப்பவர் நாளைக் காலையே வைராக்கியமாக நிறுத்திவிடாதீர்கள். நான் அப்படி நிறுத்தி, இரண்டாம் நாள் வீட்டு வாசலில் வலிப்பு வந்து விழுந்தேன். பழகிவிட்ட உடம்புக்குத் திடீரென்று சரக்கு இல்லையென்றால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு மூன்றாம் நாள் வாக்கில் இல்லாத பூச்சியெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிரே போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரையும் தயமின் என்ற வைட்டமினும் கொடுத்துப் பத்திரமாக நிறுத்த உதவுவார்கள். கூட்டம் அதற்கு மாற்று இல்லை. உடம்பு தெளிந்து வீடு திரும்பிய பின், சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் தானாகக் கடைப் பக்கம் திரும்புமே, அந்த நேரத்துக்குத்தான் கூட்டம்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் ஹெல்ப்லைன் எண்கள் இருக்கின்றன. எடுப்பவர் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர் அல்ல, நம்மைப் போலக் குடித்து, பிறகு குடியை விட்டவர், தன் வேலைக்கு நடுவே எடுப்பவர். எடுக்காவிட்டால் சாயங்காலம் மறுபடி அடியுங்கள். "எனக்குக் குடிப் பிரச்சினை, பக்கத்துல மீட்டிங் எங்க?" என்றால் போதும், வேறு விளக்கம் கேட்க மாட்டார். என்னை ஒருவர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து அழைத்துப் போனார். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446 இலவசம், அங்கும் கேட்கலாம். மருத்துவமனையில் உங்களைப் பார்க்கும் கவுன்சிலருக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்கும். ஒன்று மட்டும்: இடமும் நேரமும் அடிக்கடி மாறும். கிளம்பும் முன் போனில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் கடை இருக்கும்.

முதல் தடவை உள்ளூரில் வேண்டாம் என்று தோன்றினால் பக்கத்து ஊருக்குப் போங்கள், அதில் தப்பில்லை. நான் மதுரைக்குப் போனேன். சர்ச்சை ஒட்டிய ஒரு சின்ன ஹால், பதினைந்து பேர் இருப்பார்கள். சர்ச்சில் நடந்தாலும் மதக் கூட்டம் இல்லை. கட்டணமும் கிடையாது. முடிவில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள், வாடகைக்கும் டீக்கும் அதுதான். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், நீங்கள் உறுப்பினர்.

அன்று எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. டீ கொடுத்துக்கொண்டு வந்த பெரியவர் எல்லோருக்கும் கப் நிறைய ஊற்றினார், எனக்குப் பாதி மட்டும். என் கையை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துச் சிந்தாமல் குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து மீதிப் பாதியை ஊற்றிவிட்டுப் போனார். எந்த டாக்டரும் என் வீட்டாரும் என்னிடம் சொல்லிப் புரியவைக்க முடியாத ஒன்று அந்தப் பாதி டீயில் எனக்குப் புரிந்தது. ஏஏ தொடங்கியதே இப்படித்தான். 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்தில், குடியை விட்டுச் சில மாதமே ஆன ஒருவர், மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயத்தில் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் ஒரு டாக்டர்.

கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, குடிநோயாளி என்று சொல்லிவிட்டுத் தன் கதையைப் பேசுவார்கள். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், அறிவுரையும் சொல்ல மாட்டார்கள். "இன்னிக்குக் கேக்க மட்டும் வந்தேன்" என்று நீங்கள் சொல்லலாம். கடவுள் என்ற வார்த்தை வரும். எங்கள் வீடு கருப்புச் சட்டை வீடு, எனக்கு அது உறுத்தியது. பிறகு எனக்கு ஸ்பான்சராக, அதாவது கூடவே இருந்து வழிகாட்டும் மூத்த உறுப்பினராக இருந்தவர் சொன்னார்: "இங்க உக்காந்திருக்கிற பதினஞ்சு பேர் சேந்தா உன்னை விடப் பெரிய சக்திதானப்பா, அதைப் பிடிச்சுக்க." அதைத்தான் பிடித்துக்கொண்டேன். ஒரு கூட்டம் பிடிக்கவில்லையென்றால் அதோடு விட்டுவிடாமல் இன்னொரு குழுவுக்குப் போய்ப் பாருங்கள். குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் வேறு. மனைவிக்கு, பெற்றோருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு.

வெளியே தெரியுமா என்று கேட்டீர்கள். மூன்றாவது கூட்டத்தில் கதவைத் திறந்தால், எங்கள் தெருக்காரர் ஒருவர் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். அவர் மாலை போட்டதிலிருந்து குடிப்பதில்லை என்றுதான் ஊரே நம்பியிருந்தது. திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. அவர் தலையை மட்டும் அசைத்து, தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை விரித்துப் போட்டார். மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் அவரும் மனைவியும் நின்றிருந்தார்கள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. "என்ன தம்பி, மழை வரும்போல இருக்கே" என்றார். "ஆமாண்ணே" என்றேன். ஏழு வருடமாகத் தெருவில் எங்களுக்குள் மழையும் வெயிலும்தான் பேச்சு.