இருட்டில் சிவப்பும் கறுப்புதான்

கேள்வி: முட்டுக்காட்டில் பாலத்தடியில் இரவு நேரத்தில் கொடுவா மீனுக்கு லூர் (செயற்கை இரை) வீசுகிறேன். அமாவாசைக்குச் சிவப்பு, பௌர்ணமிக்குப் பச்சை என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு ஆறு நிறங்கள் வாங்கிவிட்டேன். இரண்டு மாதமாக மீன் ஒரு முறைகூடக் கொத்தவில்லை. ஏழாவதாக எந்த நிறம் வாங்கலாம்?
- திருப்போரூர் வாசகர்

பதில்: ஏழாவது வேண்டாம். கையில் உள்ள ஆறிலேயே நான்கு உங்களுக்குத் தேவையில்லை. காசு போன பிறகு இதைக் கேட்கக் கசக்கும். இன்னொரு முந்நூறு, நானூறு ரூபாய் போவதற்கு முன்னால் சொல்லிவிடுவது நல்லது என்றுதான் சொல்கிறேன்.

நிலா இல்லாத ஒரு ராத்திரி, ஆறையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். செல்போனைக் கீழேயே வைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது ஆகும், அதுவரை சும்மா உட்கார்ந்திருங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, தலைக்கு மேலே வானத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். நான் இப்படிப் பார்த்தபோது சிவப்பு என்று நினைத்துக் கையில் பிடித்திருந்தது அடர் ஊதா. விளக்கைப் போட்ட பிறகுதான் தெரிந்தது. நிறம் பிரித்துக் காட்டும் கூம்பு செல்கள் மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்வதில்லை. அப்போது பார்வையைத் தாங்குவது கோல் செல்கள். அவற்றுக்கு நீலப்பச்சை நன்றாகத் தெரியும், சிவப்பு ஏறக்குறைய தெரியவே தெரியாது. மீன் கண்ணிலும் இதே ஏற்பாடுதான். கொடுவாவுக்கு ஒன்று கூடுதல்: விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒரு படலம் உண்டு. டார்ச் அடித்தால் அதன் கண் தணலாக மின்னுவது அதனால்தான். கிடைக்கிற துளி வெளிச்சத்தையும் இரண்டு முறை பயன்படுத்திக்கொள்ளும் கண் அது. ஆனால் அந்தக் கண்ணும் இருட்டில் தேடுவது நிறத்தை அல்ல, வடிவத்தை.

பகலிலேயே கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். சில மீட்டர் ஆழத்தில் சிவப்பு மங்கிக் கருத்துவிடும். ஆக, அமாவாசைக்கு உங்களிடம் சிவப்பை விற்றவர் உண்மையில் கறுப்பைத்தான் விற்றிருக்கிறார். அது தப்பான லூர் இல்லை, சொன்ன காரணம்தான் தப்பு.

கேட்க வேண்டியது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது. விளக்கே இல்லாத இடத்தில் மீன் கீழே நின்று மேலே பார்க்கிறது. எவ்வளவு கருத்த இரவானாலும் வானம் தண்ணீரைவிட வெளிச்சம். அந்தப் பின்னணியில் அழுத்தமாக விழுவது கறுப்பு, அடர் ஊதா. பாலத்தில் விளக்கு எரிந்தால் கதை வேறு. கொடுவா நிழலுக்குள் ஒதுங்கி நின்று, வெளிச்சத்துக்குள் வரும் மடவைக் குஞ்சையும் இறாலையும் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே வெள்ளை, வெள்ளி, உள்ளே பார்வை ஊடுருவும் இறால் நிறம் கட்டுங்கள். தெளிந்த தண்ணீரில் முழுநிலவுக்கும் அதுவே. ஒன்று கருத்தது, ஒன்று வெளுத்தது, அவ்வளவுதான்.

பெட்டியில் 'யு.வி.' என்று அச்சிட்டு வரும் பளீர் மஞ்சள்பச்சைக்கு ராத்திரியில் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அந்தச் சாயம் ஒளிர வேண்டுமானால் புற ஊதாக் கதிர் அதன்மேல் விழ வேண்டும். இரவில் அது எங்கிருந்து வரும்? தானாக ஒளிர்வது வேறு சரக்கு. 1990களில் ஜப்பானில் உருவான ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பூச்சு இப்போது பல லூர்களில் இருக்கிறது. டார்ச் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு நீண்ட நேரம் பச்சையாக ஒளிரும். கலங்கல் தண்ணீருக்கு நல்லது, ஆனால் சில விநாடி காட்டினால் போதும். விளக்குபோல எரிகிற லூரைக் கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் நான் வீசமாட்டேன். டார்ச் அடிக்கும்போது தண்ணீருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

கணவாய்க்கு வீசுபவர்களுக்கும் இதையே சொல்வேன். அதற்கென்றே ஜப்பானியர் செய்த எகி என்ற லூர் எத்தனையோ நிறங்களில் வருகிறது, பெரும்பாலான கணவாய்களின் கண்ணில் இருப்பதோ ஒரே ஒரு ஒளிநிறமி. நிறம் பிரிக்க அது போதாது. எகியில் துணிக்கு அடியில் ஒட்டியிருக்கும் தங்கம், வெள்ளித் தாளால் மாறுவது பளபளப்பின் அளவு. கணவாய் கவனிப்பது அதைத்தான்.

உங்களுக்கு இரண்டு மாதம் கொத்து இல்லாததற்கு நிறம் காரணமாக இருக்காது. முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடந்தால் உள்ளே ஏற்ற வற்றம் சரியாக இராது, தண்ணீர் ஓடாத இடத்தில் இரையும் வந்து சேராது. அதை முதலில் போய்ப் பாருங்கள். இன்னொன்று வேகம். மீனின் உடம்பு நெடுகப் பக்கவாட்டில் ஒரு கோடு ஓடும், தண்ணீரின் அதிர்வை அது அதில்தான் உணர்கிறது. இரவில் பாதி வேட்டை அந்தக் கோட்டால்தான். பகலில் இழுக்கிற வேகத்தில் பாதிக்கும் கீழே, ஒரே சீராக இழுங்கள். நடுநடுவே வெட்டி இழுத்தால் மீன் குறி வைத்த இடத்தில் லூர் இருக்காது. 2019 ஆகஸ்டில் திருவான்மியூர், பெசன்ட் நகர் கரையில் அலை நீலமாக ஒளிர்ந்தது நினைவிருக்கும். நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் அது. அப்படிப்பட்ட இரவில் தண்ணீரில் எது அசைந்தாலும் சுற்றிலும் தீப்பொறி பறக்கும், தூண்டில் நரம்பே ஒளிக்கோடாகத் தெரியும். அன்றைக்கு இன்னும் மெதுவாக இழுக்க வேண்டும்.

அடுத்த முறை போகும்போது ஆறில் இரண்டை மட்டும் எடுத்துப் போங்கள். தண்ணீர் ஓடத் தொடங்கும் நேரமாகப் பார்த்துப் போய், விளக்கு வெளிச்சத்தில் பாலத்தின் நிழல் தண்ணீரில் விழும் கோட்டுக்கு அப்பால் வெள்ளையை வீசி, வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் வரும்படி இழுங்கள். இருபது வீச்சுக்குக் கொத்து இல்லையென்றால் லூரை மாற்றாதீர்கள், அடுத்த தூணுக்கு நகருங்கள்.