கைவேலையில் இருக்கிறது பயிற்சி

கேள்வி: எனக்கு வயது 41. குடியாத்தம் அருகே வசிக்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. சில மாதங்களாக எதைச் செய்தாலும் மனம் மகளின் கல்லூரிக் கட்டணத்திலும் கடனிலும்தான் இருக்கிறது. சாப்பிட்டது கூட நினைவில் நிற்பதில்லை. படபடப்புக்காகப் பார்த்ததில் இசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் சரியாக உள்ளன. மருத்துவர் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ (செய்யும் காரியத்தில் மனத்தை வைக்கும் பயிற்சி) பழகச் சொன்னார். கண்ணை மூடி உட்கார்ந்தால் எண்ணங்கள் கூடுகின்றன; உட்கார நேரமும் இல்லை. என்ன செய்வது?

பதில்: ரத்தசோகையும் தைராய்டு மிகுதியும் உங்கள் வயதுப் பெண்களுக்குப் படபடப்பை உண்டாக்கக் கூடியவை என்பதால், அவை இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே மனப்பயிற்சிக்கு வந்திருப்பது சரியான வரிசை.

கண்ணை மூடியதும் எண்ணங்கள் புதிதாகப் பெருகிவிடுவதில்லை. நாள் முழுவதும் வேலையின் இரைச்சலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தவை அப்போது கண்ணில் படுகின்றன, அவ்வளவுதான். எண்ணங்களை நிறுத்துவது இந்தப் பயிற்சியின் நோக்கமே அல்ல. மனம் போய்விட்டது என்பதைக் கவனித்து, அதைத் திட்டாமல், செய்துகொண்டிருக்கும் காரியத்துக்குத் திருப்பி அழைத்துவருவதே பயிற்சி. இருபது முறை போனால் இருபது முறை அழைத்துவாருங்கள். அதில் தோல்வி என்று எதுவும் இல்லை.

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், நாள்பட்ட வலியால் அவதிப்பட்டவர்களுக்காக ஜான் கபட்-சின் வகுத்த மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியில், அமர்ந்து செய்யும் தியானத்தோடு உண்பது, நடப்பது போன்ற அன்றாடச் செயல்களும் இடம்பெற்றன. ஆகவே, நேரமில்லாத நீங்கள் சமையலறையிலிருந்தே தொடங்கலாம். நம் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பில் முள் இருப்பதால் விரல்கள் இடம் பார்த்துத்தான் அதைப் பிடிக்கின்றன. அந்தப் பிடியையும், கத்தி இறங்கும்போது தோல் காட்டும் சிறு எதிர்ப்பையும், நறுக்கிய துண்டு தண்ணீரில் விழும் ஓசையையும் கவனியுங்கள். நடுவே கடன் நினைவு வந்தால், ‘கடன் நினைவு வந்தது’ என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு விரல்களுக்குத் திரும்புங்கள். ஒரு வேளைக் காய் நறுக்கும் நேரம் போதும். நாள் முழுவதும் இப்படி இருக்க முயன்றால் களைத்துப்போய் ஒரே வாரத்தில் விட்டுவிடுவீர்கள்.

கம்பெனி வேனில் வரும்போது செல்போனைப் பையில் வைத்துவிட்டு, மூச்சை இழுப்பதைவிட விடுவதைச் சற்று நீளமாக்கிப் பாருங்கள். மூச்சை வெளிவிடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணிகிறது. தையல் எந்திரத்தின் முன் மட்டும் மூச்சைக் கவனிக்க வேண்டாம். அங்கே கவனம் முழுவதும் ஊசியிலும் விரலிலும் இருக்கட்டும்.

இந்தப் பயிற்சி கடனைக் குறைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். மாலையில் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி, வீட்டாருடன் உட்கார்ந்து கணக்கைத் தாளில் எழுதுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் அதை மாலைக்குத் தள்ளிவைக்க இது உதவும். மகள் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை குறித்துக் கல்லூரியில் கேளுங்கள்.

கண்ணை மூடினால் பயமோ பழைய துயரமோ கிளம்புகிறது என்றால், கண்ணைத் திறந்தபடியே செய்யுங்கள். அப்போதும் தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, அழுகை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் இது மட்டும் போதாது. வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்திலோ காட்டுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்காமல், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். படபடப்புடன் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் அல்லது மயக்கம் வந்தால், முந்தைய இசிஜி சரியாக இருந்தது என்று எண்ணி வீட்டில் இருந்துவிடாமல், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.